ஊதா உறையில் மூன்று பெயர்கள்

அத்தியாயம் பதினொன்று

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிப் பூசையில் இறந்துபோன பிரான்க்ளின், திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இரண்டாவது முட்டையை உரித்துக்கொண்டிருந்தான்.

எதிரே ரெஜினால்ட். பிரான்க்ளினைச் சாகடித்தவன். வீட்டில் அவனுக்கு மச்சான், அதாவது மனைவி பமேலாவின் அண்ணன். ஆபீஸில் அவனுக்கு பாஸ். சட்டைப் பையில் தொங்கும் அட்டையில் 'ப்ராஜெக்ட் மேனேஜர்' என்று போட்டிருக்கும்.

நேற்று நடந்ததைப் பார்க்காதவர்களுக்கு மட்டும் சுருக்கமாக. இது நவம்பர், கத்தோலிக்கர்கள் இறந்தவர்களுக்காகச் செபிக்கும் மாதம். மலாக்காவில் அவர்கள் போகும் கோயிலின் வாசலில் இரண்டு வகை உறைகள் இருக்கும். வெள்ளை உறை நன்றிப் பூசைக்கு. ஊதா உறை இறந்த ஆன்மாக்களுக்கு. தன் டீமில் இருக்கும் மூன்று பேருக்காக நன்றிப் பூசை கொடுக்கலாம் என்று ரெஜினால்ட் போனபோது வெள்ளை உறை தீர்ந்திருந்தது. கேட்ட சாமான் கிடைக்காதபோது கிடைத்த சாமானை வைத்து வேலையை முடிப்பவனே சிறந்த மேனேஜர் என்று போன மாதம் ஒரு ஹோட்டலில் நடந்த இரண்டு நாள் பயிற்சியில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஊதா உறையை எடுத்தான்.

உறைகளைப் பிரித்துப் பட்டியல் தட்டுபவர் செலஸ்டின் அங்கிள். ஓய்வுபெற்ற பள்ளிக்கூடக் கிராணி, அதாவது குமாஸ்தா. பெயரை மட்டும் பார்ப்பார். பெயருக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது கிராணி வேலையில் சேராது என்பது அவருடைய முப்பது வருடக் கொள்கை.

ஆகவே ஃபாதர் நிதானமாக, இரக்கத்தோடு வாசித்தார்: "பிரான்க்ளின், மங்களம், பிரஷாந்த்..."

கோயில் முழுக்க அவர்களுக்கு நித்திய இளைப்பாற்றியைக் கேட்டது. பழக்கதோஷத்தில் பிரான்க்ளினும் சேர்ந்து கேட்டான். உட்கார்ந்த பிறகுதான் மெதுவாகத் திரும்பி மச்சானைப் பார்த்தான்.

மற்ற நேரமாக இருந்தால் சிரித்து மறந்திருப்பார்கள். ஆனால் ஆபீஸில் முதலாளி விஜயரட்ணம் இரண்டு வாரத்துக்கு முன்புதான் ஒரு குண்டு போட்டிருந்தார். நியாலாஸ் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் லோரி நிறுக்கும் புதிய எடைமேடையை இந்தத் திங்கட்கிழமை மூன்று மணிக்குள் ஓடவைத்து ஒப்படைக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்த டீமே கலைக்கப்படும். அன்றிலிருந்து மூன்று பேரும் வேலையிலிருந்து தூக்குகிறவர்களின் பட்டியல் ஏதாவது வரும் என்று காத்திருந்தார்கள்.

பட்டியல் கோயில் பீடத்திலிருந்து வரும் என்று மட்டும் யாரும் நினைக்கவில்லை.

"மாப்ள, அது நன்றிப் பூசைக்குக் குடுத்ததுன்னு நேத்தே சொன்னேன்ல," என்றான் ரெஜினால்ட், ஒன்பதாவது தடவையாக.

"நன்றியா? எதுக்கு?" முட்டையில் உப்பைத் தூவினான் பிரான்க்ளின். "ஆபீஸ் சுவத்துல ஸ்டார் போர்டு மாட்டி வச்சிருக்கீங்களே, வாரா வாரம் ஸ்டார் ஒட்டுறீங்களே. ஆறு மாசத்துல எனக்கு எத்தன ஸ்டார், ரெஜினால்ட் சார்?"

வீட்டில் 'மச்சான்', ஆபீஸில் 'பாஸ்'. 'ரெஜினால்ட் சார்' என்பது நேற்று மத்தியானம் பிறந்த சொல்.

ஸ்டார் விஷயத்தில் அவன் பக்கம் ஒரு நியாயம் இருந்தது. மங்களம் அக்காவுக்குப் பதினொரு ஸ்டார். பிரஷாந்துக்குப் பதினான்கு. பிரான்க்ளினுக்குப் பூஜ்யம். தங்கச்சி புருஷனுக்குச் சலுகை காட்டுகிறான் என்று ஆபீஸில் ஒருத்தர் வாய் திறந்துவிடக் கூடாதே! அதனால் பிரான்க்ளின் செய்த வேலையை மட்டும் பார்க்காமலே இருந்துவிட்டான். இதற்குப் பாரபட்சமின்மை என்று பெயர் என்று நினைத்திருந்தான்.

"செத்தவன் ரெண்டு முட்ட தின்னுட்டான். உசுரோட இருக்கறவன் ஒண்ணக்கூடத் தொடல," என்றார் ரெஜினால்டின் அம்மா அகதா, தேத்தண்ணீரை வைத்தபடி. "ரெண்டு பேரும் பேசித் தொலைங்க லா."

பிரான்க்ளின் எழுந்தான். தட்டைக் கழுவி வைத்தான். ஹெல்மெட்டை எடுத்தான். வழக்கமாக ரெஜினால்டின் காரில்தான் போவான். இன்று மோட்டார் சைக்கிள் சத்தம் குடியிருப்புத் தாமானின் முனை வரைக்கும் கேட்டது.

பமேலா நர்ஸ். அன்று அவளுக்கு விடுமுறை. அண்ணனின் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அந்தக் காகிதத்துல என்ன எழுதுன?"

"பேருதான்."

"பேரு மட்டுமா?"

"ஞாபகமில்ல."

ரெஜினால்ட் பொய் சொன்னால் சிறு வயதிலிருந்தே முதலில் காதுதான் சிவக்கும். பமேலா அந்தக் காதுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு, "கோயில் ஆபீஸ் எட்டு மணிக்குத் தெறப்பாங்க," என்றாள், யாரிடமும் இல்லாமல்.

*

ஒன்பது மணிக்கு ரெஜினால்ட் ஆலைக்கு வந்து சேர்ந்தபோது எடைமேடை இருந்தது. மழைத்தூறல் இருந்தது. டீம் இல்லை.

போனை எடுத்தான். மங்களம் அக்காவின் செய்தி ஒன்று காத்திருந்தது.

'நான் இறந்துவிட்டதாகப் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா கோயிலில் கேட்டுவிட்டு வந்து சொன்னார். மாமியார் மஞ்சத்தண்ணி ஊத்தி என்னை வீட்டில் உட்கார வைத்திருக்கிறார். வர முடியாத நிலை. நன்றி சார்.'

மங்களம் அக்கா அவனைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். இன்று அவரும் சார்.

அதற்குக் கீழே பிரஷாந்த்: 'பாஸ், HR மெயில் வரும்னு பார்த்தேன். சர்ச்ல இருந்து வந்துடுச்சு. இன்னும் நான் ஸ்டாஃப்பா இல்ல ஆவியா? கன்ஃபார்ம் பண்ணுங்க.'

இப்படிப்பட்ட நேரத்துக்கு என்று பயிற்சிப் புத்தகத்தில் ஒரு பக்கம் இருந்தது. ரெஜினால்ட் அதைப் படம் எடுத்து வைத்திருந்தான். 'ஊக்கம் குறைந்த குழுவுக்கு ஐந்து உற்சாக வாக்கியங்கள்.' முதல் வாக்கியத்தை குரூப்பில் போட்டான்: 'நாம் ஒரு குடும்பம்!'

மூன்று பேரும் பார்த்ததற்கான அடையாளம் வந்தது. பதில் வரவில்லை. பிரான்க்ளின் விஷயத்தில் அந்த வாக்கியம் உண்மை வேறு. அதுதான் பெரிய பிரச்சினை.

பத்தரை மணி. ஒப்படைக்க நாலரை மணி நேரம். ஆலைக் கிராணி பரமேஸ்வரன் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

"மங்களம் வரலியா?"

"வருவாங்க, அங்கிள்."

"அது வந்தாத்தான் நான் பழைய கணக்கு ஃபைலத் தருவேன். ஒங்கள எனக்குத் தெரியாது பாருங்க."

ஆறு மாதமாக வாராவாரம் பார்க்கும் மனிதர் இதைச் சொன்னார். ரெஜினால்ட் தலையாட்டினான். காரை எடுத்தான்.

*

மங்களம் அக்காவின் வீடு ஆலையிலிருந்து பத்து நிமிடம். தோட்டத்தின் பழைய தொழிலாளர் லயங்களை இடித்துக் கட்டிய வரிசை வீடுகளில் நான்காவது. வாசலில் பிரஷாந்தின் கார். அதற்குப் பக்கத்தில் பிரான்க்ளினின் மோட்டார் சைக்கிள்.

போர்ட்டிகோவில் நேற்று செத்த மூன்று பேரும் வட்டமாக உட்கார்ந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நடுவில் எடைமேடையின் வரைபடம் விரிந்திருந்தது. அதன் ஒரு மூலையில் சட்னிக் கிண்ணம். பிரஷாந்தின் மடியில் மடிக்கணினி. மூவரும் வேலைதான் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது ரெஜினால்டுக்குத் தெரிந்தது. அவன் வந்ததும் நிறுத்தியதும் தெரிந்தது.

"வாங்க சார்," என்றார் மங்களம் அக்கா. மஞ்சள் இன்னும் கழுத்தில் இருந்தது. "தோச சாப்புடுறீங்களா? செத்த வீட்ல சாப்புடக் கூடாதுன்னு இருக்கா ஒங்களுக்கு?"

"அக்கா..."

"மாமியார் அழுவுது தம்பி." 'தம்பி' தவறி விழுந்துவிட்டது, உடனே திருத்திக்கொண்டார். "சார். போன நவம்பர்லதான் எங்க வீட்டுக்காரர் போனாரு. இந்த நவம்பர்ல என் பேரப் படிச்சா அதுக்கு எப்பிடி இருக்கும்?"

இதை ரெஜினால்ட் யோசிக்கவே இல்லை. பயிற்சியில் கற்ற ஐந்து வாக்கியங்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கழுத்து வரைக்கும் வந்து திரும்பிப் போயின.

"மன்னிச்சிடுங்கக்கா," என்றான். புத்தகத்தில் இல்லாத வாக்கியம்.

"எங்களத் தூக்கப்போறீங்கன்னா நேரா சொல்லிருக்கலாம் பாஸ்," என்றான் பிரஷாந்த். இருபத்தைந்து வயது, யாழ்ப்பாணத்து வாத்தியார் குடும்பம், கோபம் வந்தாலும் குரல் உயராது. "சாமிகிட்ட ரிப்போர்ட் பண்ணது டூ மச் லா."

"யாரையும் தூக்கல. மூணு மணிக்கு வேல முடிஞ்சா யாரும் தூக்கவும் முடியாது. நெஜமாவே நன்றி சொல்லத்தான்..."

"நன்றி சொல்லணும்னா என் மூஞ்சியப் பாத்துச் சொல்லிருக்கலாமே," என்றான் பிரான்க்ளின். "ஒரே டேபிள்ல தானே சோறு திங்குறோம்?"

அதற்கு ரெஜினால்டிடம் பதில் இருந்தது, அது ஊதா உறையில் இருந்தது.

அப்போதுதான், புருஷனிடம் போனில் இடம் கேட்டு வந்த பமேலாவின் சிறிய வெள்ளைக் கார் வரிசை வீடுகளுக்கு நடுவே சேற்றைத் தெளித்துக்கொண்டு வந்து நின்றது.

அவள் கையில் ஊதா உறை.

"பமேலா, வேணாம்," என்றான் ரெஜினால்ட்.

"செலஸ்டின் அங்கிள் குடுக்க மாட்டேன்னாரு. என் புருஷன் உசுரோட இருக்காரு, காகிதத்தக் குடுங்க, இல்லன்னா அவர இங்கயே கூட்டிட்டு வர்றேன்னேன்." பிரான்க்ளின் பக்கத்தில் போய் நின்றாள். "இவரு வரவேயில்ல, அதுக்குள்ள குடுத்துட்டாரு."

"பமேலா, ப்ளீஸ்."

"நீ மேனேஜர் ஆபீஸ்ல. இங்க நான் சின்னக் குட்டி இல்ல." காகிதத்தைப் பிரித்தாள். சத்தமாக, மருந்துச் சீட்டு வாசிக்கும் குரலில் படித்தாள்.

"'பிரஷாந்த். எனக்குப் புரியாத இடமெல்லாம் எனக்குப் புரிந்துவிட்ட மாதிரி மற்றவர்கள் முன்னால் நடந்துகொள்கிறான். என்னை ஒருநாளும் காட்டிக்கொடுத்ததில்லை. அதற்காக நன்றி.'"

பிரஷாந்த் மடிக்கணினியைப் பார்த்தான். அது அணைந்துதான் இருந்தது.

"'மங்களம் அக்கா. அவர் இல்லாவிட்டால் ஆலையில் ஒரு கிராணியும் எங்களோடு பேசியிருக்க மாட்டார். லோரி டிரைவர்களிடம் முதலில் கேட்போம் என்பது அவருடைய யோசனை. மீட்டிங்கில் என் யோசனை என்று சொன்னேன். மன்னிக்கவும். நன்றி.'"

"அது எனக்கு அப்பவே தெரியும்," என்றார் மங்களம் அக்கா, சட்னிக் கிண்ணத்தைப் பார்த்தபடி.

பமேலா நிறுத்தினாள். அடுத்ததைப் படிக்கும்போது மருந்துச்சீட்டுக் குரல் அவளிடம் கொஞ்சம் நிலைக்கவில்லை.

"'பிரான்க்ளின். மூன்று நாள் மழையில் கேபிள் குழிக்குள் இறங்கினான். காய்ச்சலை வீட்டில் சொல்லாதே என்று என்னிடம் சொன்னான். நான் ஒரு ஸ்டார் கூடக் கொடுக்கவில்லை. என் தங்கச்சிக்குக் கிடைத்த நல்லவன் எனக்கும் கிடைத்தான். நன்றி.'"

வீட்டுக்குள் மாமியார் அழுவதை நிறுத்திவிட்டு டிவியைப் போட்டார்.

ரெஜினால்ட் கால் சப்பாத்தின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நேற்று அவர்கள் பெயரை இறந்தவர் பட்டியலில் கேட்டபோது கூட இவ்வளவு வெட்கமாக இருக்கவில்லை.

"காய்ச்சல் இருந்துச்சா?" என்று பமேலா புருஷனைக் கேட்டாள்.

"கொஞ்சம்லா."

"வீட்டுக்கு வா, பேசிக்கிறேன்."

பிரான்க்ளின் எழுந்தான். ரெஜினால்டின் முன்னால் வந்து நின்றான். அடிப்பான் போலத்தான் இருந்தது.

"இத நேராச் சொன்னா ஒனக்கு என்ன கொறஞ்சிபோவுது மச்சான்?"

*மச்சான்.* ரெஜினால்டுக்கு மூச்சு வந்தது.

"வெக்கமா இருந்துச்சு, மாப்ள."

"சரி. இப்ப மணி பதினொண்ணு. என்ன செய்யணும் சொல்லு."

ரெஜினால்ட் வாயைத் திறந்தான். மூன்று பேருக்கும் மூன்று வேலை, நேரம் போட்டு, வண்ணம் போட்டு, அவன் போனில் தயாராக இருந்தது. பிறகு தரையில் கிடந்த வரைபடத்தைப் பார்த்தான். சட்னிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் பிரான்க்ளினின் கையெழுத்தில், மணி வாரியாக, ஏற்கனவே எல்லாம் எழுதியிருந்தது. கோபத்தில் இருந்த மூன்று பேர் அவனில்லாமல் போட்ட திட்டம். அவனுடையதைவிட நல்ல திட்டம்.

"நீங்க சொல்லுங்க. நான் என்ன செய்யட்டும்?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒண்ணே ஒண்ணு தம்பி," என்றார் மங்களம் அக்கா. இந்தத் தடவை திருத்திக்கொள்ளவில்லை. "மூணு மணி வரைக்கும் யாரையும் கேள்வி கேக்காதீங்க."

*

ஆலையில் பரமேஸ்வரன் கிராணி மங்களம் அக்காவைப் பார்த்ததும் ஃபைலை மட்டுமல்ல, பிஸ்கட் டின்னையும் திறந்தார். "நீ செத்துட்டதா இப்பத்தான் கேள்விப்பட்டேன்!"

"லீவு கேட்டேன், மேல குடுக்கல."

பிரஷாந்த் வேலையை ஆரம்பித்தான். பிரான்க்ளின் எடைமேடையைச் சுற்றி வந்தான். ரெஜினால்டுக்குக் கொடுக்கப்பட்ட பொறுப்பு, மடிக்கணினி நனையாமல் பிரஷாந்துக்குக் குடை பிடிப்பது. அவன் தன் வாழ்க்கையில் எந்த வேலையையும் இவ்வளவு சரியாகச் செய்ததில்லை.

இரண்டு மணிக்குச் சோதனை லோரி செம்பனைக் குலைகளோடு மேடை ஏறியது. கிராணியின் திரையில் எண்கள் ஓடின. நிற்க வேண்டும். நிற்கவில்லை. பதினோராயிரத்து நூற்றி இருபது. பதினோராயிரத்து எண்பது. மறுபடி நூற்றி இருபது. நாற்பது கிலோ இங்கும் அங்குமாகக் குதித்தது.

ஆலை மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார்.

இந்த இடத்தில் பழைய ரெஜினால்ட் மூன்று காரியம் செய்வான். பிரஷாந்தின் கையிலிருந்து மடிக்கணினியைப் பிடுங்குவான். 'யார் கடைசியா தொட்டது?' என்று கேட்பான். விஜயரட்ணத்துக்குப் போன் போட்டு, சாஃப்ட்வேரில் கோளாறு என்று முந்திக்கொள்வான்.

வாய் பாதி திறந்துவிட்டது. மங்களம் அக்கா கிராணியின் ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கினார்.

மூடினான்.

அந்த ஐந்து நிமிடம் குடைக் கம்பியை அவன் பிடித்திருந்த பிடியில் விரல்கள் வெளுத்துப்போயின.

"சாஃப்ட்வேர் ஓக்கே," என்றான் பிரஷாந்த். தன்னைத் தற்காத்துக்கொள்ள வேண்டிய அவசரம் இல்லாததால் அவன் குரலும் அமைதியாக இருந்தது. "பிரான்க்ளின் அண்ணன், கீழ ஏதோ முட்டுது. பிளாட்ஃபார்ம் ஃப்ரீயா அசையல."

பிரான்க்ளின் அதற்குள் சேற்றில் குப்புறப் படுத்துவிட்டான். மேடைக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் இரண்டு விரல் அகல இடைவெளி. அதில் விரல்களை விட்டான். லோரிகளிலிருந்து சிந்திய உதிரிப் பழம். செம்பனைக் குலையிலிருந்து கழன்று விழும் அந்தச் சின்னச் சின்னப் பழங்கள், ஒரு வாரமாக மழையில் உருண்டு வந்து, வரிசையாக ஆப்பு அடித்த மாதிரி உட்கார்ந்திருந்தன.

"மச்சான், டார்ச்!"

குடை பறந்தது. ரெஜினால்டும் சேற்றில் படுத்தான். அவன் வெளிச்சம் பிடிக்க, பிரான்க்ளின் கம்பியால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்தான். இருபது, முப்பது. மங்களம் அக்கா ஒரு பழைய தார் வாளியைக் கொண்டு வந்தார். பிரஷாந்த் நனைந்தபடி நின்று எண்ணைச் சொன்னான்.

"நூத்தி பத்து... நூறு... நூறு... நூறு... நின்னுடுச்சு!"

பதினோராயிரத்து நூறு. லோரி டிரைவர் ஹாரன் அடித்தார். இன்னும் மூன்று லோரிகள் ஏறி இறங்கின. எண்கள் ஒவ்வொரு தடவையும் வந்தன, நின்றன, கிராணியின் திரைக்குப் போய் உட்கார்ந்தன. இரண்டு ஐம்பதுக்கு ஆலை மேனேஜர் கையெழுத்துப் போட்டார்.

"இந்த இடைவெளிக்கு ரப்பர் மூடி ஒண்ணு போடணும். யாரு லீடர்? யார்கிட்டச் சொல்லணும்?" என்று கேட்டார்.

வழக்கமாக முன்னால் நகரும் ரெஜினால்டின் கால், நகரவில்லை.

"பிரான்க்ளின்கிட்டச் சொல்லுங்க சார்."

முகமெல்லாம் சேறாக இருந்த பிரான்க்ளின் ஒரு நிமிடம் பின்னால் திரும்பி, இன்னொரு பிரான்க்ளின் யாராவது நிற்கிறானா என்று பார்த்தான். பிறகு பேனாவை வாங்கிக் குறித்துக்கொண்டான்.

மங்களம் அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு, "மாமியாருக்குப் போன் போட்டுச் சொல்லணும், உசுரோடதான் இருக்கேன்னு," என்று சிரித்தார். சிரிக்க ஆரம்பித்ததும் நால்வராலும் நிறுத்த முடியவில்லை. பரமேஸ்வரன் கிராணி மீதி பிஸ்கட்டையும் கொடுத்தார்.

*

டீமின் மூவரும் நியாலாஸ் கடையில் மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிடப் போனார்கள். ரெஜினால்டின் கார் ஆலையிலேயே நின்றது. நாளை பிரான்க்ளினின் மோட்டார் சைக்கிளில் ஏறி வந்து எடுத்துக்கொள்ளலாம். சேற்றுச் சட்டையோடு ரெஜினால்ட், ஆலைக்கு வந்து காத்திருந்த தங்கச்சியின் காரில், அவள் விரித்துப் போட்ட பழைய பேப்பர் மேல் உட்கார்ந்து மலாக்காவுக்குத் திரும்பினான். மழை விட்டிருந்தது. ஆறு மாதத்தில் முதல் தடவையாகத் தோள் இரண்டும் காதை விட்டுக் கீழே இறங்கியிருந்தன.

"தேங்க்ஸ் பமேலா."

"இப்பிடித்தான் சொல்லணும். மூஞ்சியப் பாத்து." அவள் சாலையைப் பார்த்துக்கொண்டே ஊதா உறையை அவன் மடியில் போட்டாள். "நீ ஏன் அவ்ளோ கெஞ்சுனன்னு அப்பவே எனக்குத் தெரியும். நன்றி சொன்னதுக்கு எவனும் அப்பிடி வெளுக்க மாட்டான்."

ரெஜினால்ட் உறையைத் தொடவில்லை.

"செலஸ்டின் அங்கிள் காகிதத்தத் திருப்பிப் பாக்கல. அது கிராணி வேலையில சேராதாம். நான் நர்ஸ்லா. எல்லாத்தையும் திருப்பிப் பாப்பேன்."

பின்பக்கத்தில் இரண்டே வரி. அவனுக்கு மனப்பாடம். 'சிங்கப்பூர் வேலை கிடைத்ததற்கு நன்றி. ஜனவரியில் சேர வேண்டும், இதை இவர்களிடம் சொல்லும் தைரியத்தைத் தாரும்.'

"இத ஏன் அங்க படிக்கல?" என்றான்.

"படிச்சிருந்தா ஒன்கூடச் சேத்துல படுத்திருப்பானா பிரான்க்ளின்?" முன்னால் போன லோரியை முந்தினாள். "அம்மாவுக்குத் தெரியுமா?"

"இல்ல."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"சாமிகிட்ட."

"அவரும் ஊதா உறையிலதான் வாங்கிருக்காரு. என்ன புரிஞ்சிக்கிட்டாரோ."

போன் அதிர்ந்தது. விஜயரட்ணம். 'வாழ்த்துகள். ஆலையிலிருந்து பேசினார்கள். இன்னும் இரண்டு ஆலைகள் நம்மிடம் வருகின்றன. டீமைக் கலைக்கவில்லை. ஒரே நிபந்தனை: அடுத்த வருடம் முழுக்க நீங்கள்தான் நடத்த வேண்டும். இன்றே உறுதி சொல்லுங்கள்.'

பமேலா ஓரக்கண்ணால் படித்துவிட்டாள். இன்னும் ஓடிக்கொண்டிருந்த வைப்பரை நிறுத்தினாள்.

ரெஜினால்ட் பதிலுக்கு முதல் எழுத்தைத் தட்டுவதற்குள் போன் மறுபடி அதிர்ந்தது. டீம் குரூப். அதன் பெயரை யாரோ 'உயிர்த்தெழுந்தோர்' என்று மாற்றியிருந்தார்கள். கீழே ஒரு படம்: மீ கோரெங் தட்டுகளுக்கு நடுவில், கடைக்காரரிடம் வாங்கிய துண்டுக் காகிதத்தில், பேனாவால் கோணல்மாணலாக வரைந்த ஒரு ஸ்டார்.

அதன் அடியில் பிரான்க்ளினின் கையெழுத்து.

'மச்சானுக்கு. முதல் ஸ்டார். எங்கயும் போயிடாத.'